காரை விட்டு இறங்காத தமிழ்ப் பெற்றோருக்கு

அயர்லாந்தின் கார்க் நகரின் தென்மேற்குப் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற சனிக்கிழமை காலை டோஹரில் செயின்ட் ஃபின்பார்ஸ் விளையாட்டுக் கழக மைதானத்தின் வாகன நிறுத்தத்தில் ஏழு கார்களை எண்ணினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹீட்டர் போட்டிருந்ததால் கண்ணாடிகளில் ஆவி படிந்திருந்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் நம்மவர்கள். பிள்ளைகள் வெளியே சேற்றில் உருண்டுகொண்டிருந்தார்கள். நீங்கள் செல்பேசியில் ஊர்ச் செய்தி படித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி குறைவுதான். எட்டாவது காராக அங்கே நின்றவள் நான். இரவுப் பணி முடித்து வரும் செவிலிக்குக் காரில் கிடைக்கும் ஒரு மணி நேரத் தூக்கம் எவ்வளவு பெரிய வரம் என்பது எனக்குத் தெரியும்.

அந்தத் தூக்கம் கலைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மகள் கமோகி என்னும் பெண்கள் கம்பாட்டம் கற்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. பயிற்சி கொடுக்கும் பெண்மணியிடம் போய், "மாதக் கட்டணத்தை உங்களிடமே கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். "நான் பஸ் ஓட்டுகிறேன். சம்பளம் அதற்குத்தான். இங்கே எனக்கு யாரும் எதுவும் தருவதில்லை" என்றார். பிறகு நான்கு பிளாஸ்டிக் கூம்புகளை என் கையில் திணித்து, அந்த மூலையில் வைத்துவிட்டு வரச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு காருக்குத் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது.

நாம் கட்டும் ஆண்டுச் சந்தா காப்பீட்டுக்கும் பந்துக்கும் மைதான விளக்குக்கும் போகிறது. பயிற்சியாளருக்கு ஒரு சென்ட் கூடப் போவதில்லை. மூத்தோர் (சீனியர்) அணியில் ஆடி, தொலைக்காட்சியில் வரும் ஆட்டக்காரருக்கும் ஆட்டத்துக்கெனச் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலை அவர் வகுப்பறைக்கோ வங்கிக்கோ கட்டட வேலைக்கோ போயாக வேண்டும். நமக்குப் பழக்கமான கணக்கு வேறு. நடன வகுப்புக்கு ஒரு கட்டணம், அபாகஸுக்கு ஒரு கட்டணம், நீச்சலுக்கு ஒன்று. பணத்தைக் கட்டினால் நம் பொறுப்பு தீர்ந்தது. செயின்ட் ஃபின்பார்ஸ் கழகத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். அது எப்படிப்பட்ட இடம் என்று விளங்கவைக்க அதன் வரலாற்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும். ஹீட்டரை அணைத்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் பெயர். ஃபின்பார் என்பவர் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் இங்கே மடம் அமைத்த துறவி. இந்த நகரத்தின் காவல் புனிதர். ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்கு வெளிர்முடியோன் என்று பொருள். டோஹர் என்றால் சதுப்பின் மேல் போட்ட வரப்புப் பாதை. கார்க் என்ற சொல்லே சதுப்பு என்பதிலிருந்து வந்ததுதான். ஆக, பிள்ளையின் காலுறையைப் பார்த்து "இவ்வளவு சேறா!" என்று நாம் முகம் சுளிக்கும்போது, இந்த ஊர் தன் பெயரிலேயே அதை நமக்கு எழுதி வைத்திருக்கிறது.

கழகம் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1876. அயர்லாந்து முழுவதற்குமான ஜி.ஏ.ஏ. என்னும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1 அன்றுதான் தர்லஸ் நகரத்து ஹேய்ஸ் ஹோட்டலில், மைக்கேல் குசாக் என்ற ஆசிரியரும் மாரிஸ் டேவின் என்ற தடகள வீரரும் கூட்டிய ஒரு சிறு கூட்டத்தில் தொடங்கியது. தாய்க்கு எட்டு ஆண்டு முன்னால் பிறந்த பிள்ளை இது. சங்கம் வந்து விதிகளை எழுதிக் கொடுப்பதற்கு முன்பே, நகரின் தென்பகுதி இளைஞர்கள் ஏதோ ஒரு வயலில் கம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்.

கார்க் கவுண்டிக்குள் (நம் மாவட்டம் போல) கழகங்கள் மோதும் போட்டிகள் 1887இல் தொடங்கின. ஹர்லிங் என்னும் கம்பாட்டத்தில் பார்ஸ் முதல் பட்டம் வென்றது 1899இல். (கழகத்தை இங்கே யாரும் முழுப் பெயரால் அழைப்பதில்லை. 'த பார்ஸ்', அவ்வளவுதான். புதிதாக வந்தபோது நான் வேறு வகை பார் என்று நினைத்துக் கவலைப்பட்டது உண்மை.) கேலிக் கால்பந்தில் முதல் பட்டம் எப்போது தெரியுமா? 1956. இடையே 57 ஆண்டுகள். இது ஹர்லிங் கழகம், கால்பந்து இவர்களுக்கு வராது என்று ஊரில் ஒரு தலைமுறையல்ல, இரண்டு தலைமுறை பேசியிருக்கும். 1956ஐ அடுத்து 1957, 1959 என்று மேலும் இரண்டு வந்தன.

இரண்டு ஆட்டங்களையும் பற்றி ஒரு வார்த்தை. 'கேலிக் கால்பந்து' என்று தொலைபேசியில் சொன்னதும் என் மாமியார், "யாரைக் கேலி செய்கிறார்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கையாலும் காலாலும் ஆடும் பந்தாட்டம் அது. நான்கு காலடிக்குமேல் பந்தைச் சும்மா சுமந்து ஓடக் கூடாது. ஹர்லிங் ஆஷ் மரக் கம்பால் சிறிய தோல் பந்தை அடிக்கும் ஆட்டம். பெண்கள் ஆடும்போது அதற்குக் கமோகி என்று பெயர். இரண்டிலும் பக்கத்துக்கு 15 பேர், இரண்டிலும் ஒரே மைதானம், எச் வடிவக் கம்பம். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே போனால் கோல், அது மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி (கால்பந்தில் மட்டும், 2025 முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு). மதிப்பெண்ணை 2-14 என்று எழுதுவார்கள். கோல் இரண்டு, புள்ளி 14, கூட்டினால் 20. கழகக் கட்டடத்தில் இதை எனக்கு விளக்கியவன் ஏழு வயதுப் பையன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

கம்பைப் பார்த்ததும் நம் வயிற்றில் புளி கரைக்கிறது. மண்டை உடையுமே! 2010 முதல் எல்லா வயதினருக்கும் முகக்கம்பி வைத்த தலைக்கவசம் கட்டாயம். இரண்டாவது கவலை அப்பாக்களுடையது: "யார் ஜெயித்தார்கள்?" சிறுவர் ஆட்டங்களில் இதற்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. பன்னிரண்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் களத்தில் இறங்கி ஆட வேண்டும் என்பதுதான் இங்குள்ள முறை. சரியாக ஆடாதவனை மூலையில் உட்கார வைக்கும் வழக்கம் இல்லை. தயவுசெய்து பயிற்சியாளரிடம் போய் 'ரேங்க்' கேட்காதீர்கள். போன மாதம் ஒருவர் கேட்டார்.

வரலாற்றுக்கு வருவோம். இந்த நகரத்தின் பழைய வரைபடத்தை ஹர்லிங் வழியாகவும் வரையலாம். வடக்கே பிளாக்பூலில் க்ளென் ரோவர்ஸ். கிழக்கே பிளாக்ராக், அவர்களுக்கு ராக்கீஸ் என்று செல்லப் பெயர். தெற்கிலும் தென்மேற்கிலும் நம் பார்ஸ். பல தலைமுறைகள் பட்டம் பெரும்பாலும் இந்த மூன்று வீடுகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. 1977 இறுதி ஆட்டத்தில் பார்ஸும் க்ளெனும் மோதியபோது, முந்தைய ஆண்டுதான் திறந்திருந்த பார்க் ஈ க்வீவ் மைதானத்துக்கு 34,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஒரே ஊரின் இரண்டு பேட்டைகள் ஆடும் ஆட்டத்துக்கு! வென்றது பார்ஸ். க்ளென் அணியில் ஆடிப் பின்னர் நாட்டின் பிரதமரான ஜாக் லிஞ்ச், 1941 முதல் 1946 வரை கார்க் கவுண்டி அணிக்காக ஆண்டுக்கு ஒன்றாக ஆறு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் வென்றவர்; ஐந்து ஹர்லிங்கில், ஒன்று கால்பந்தில். அவர் அடக்கமாகியிருப்பது செயின்ட் ஃபின்பார்ஸ் கல்லறைத் தோட்டத்தில். கடைசியில் அவரும் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார் என்று பார்ஸ்காரர்கள் சொல்லாமல் இருப்பார்களா?

கார்க்கில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது: கவுண்டிப் பட்டம் வென்ற கழகம்தான் அடுத்த ஆண்டு கார்க் அணிக்குத் தலைவரைத் தரும். பார்ஸ் 1965இல் வென்றது. 1966இல் ஜெரால்ட் மெக்கார்த்தி தலைமையில் கார்க் ஹர்லிங் அணி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கியது. 1977இல் வென்றது; 1978இல் சார்லி மெக்கார்த்தி தலைவர், கார்க்குக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பை. அந்த அணியில் இருந்த இன்னொரு பார்ஸ்காரர் ஜிம்மி பாரி மர்ஃபி. 1973இல் பத்தொன்பது வயதில் கால்பந்து இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். பிறகு ஹர்லிங்கில் ஐந்து அகில அயர்லாந்துப் பதக்கங்கள். 1999இல் பயிற்றுநராக நின்று இன்னொன்று வென்று கொடுத்தார். இங்கே ஜே.பி.எம். என்றால் போதும்.

கழகங்களுக்கான அகில அயர்லாந்துப் போட்டி 1970களின் தொடக்கத்தில்தான் ஆரம்பமானது. பார்ஸ் அதில் 1975லும் 1978லும் ஹர்லிங் பட்டம் வென்றது. 1980லும் 1981லும் கால்பந்துப் பட்டம், 1987இல் மீண்டும் ஒன்று. இரண்டு ஆட்டங்களிலும் அந்தப் பட்டத்தை வென்ற கழகம் இது ஒன்றுதான். இதன் கடினம் நமக்குச் சட்டென்று பிடிபடாது. வாரத்தில் இருப்பது அதே ஏழு நாள். செவ்வாய்க்கிழமை ஹர்லிங், வியாழக்கிழமை கால்பந்து என்று ஒரே பையனின் கால்களை இரண்டு பயிற்றுநர்கள் பங்கு போட வேண்டும். யாருக்குத் தசைப்பிடிப்பு வந்தாலும் இரண்டு அணியும் நொண்டும். ஒரு கழகத்தில் ஒரு ஆட்டம் ஓங்கினால் மற்றது தேய்வதுதான் உலக வழக்கம். பார்ஸ் 1980லும் 1982லும் ஒரே ஆண்டில் இரண்டு கவுண்டிப் பட்டங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டுகளில் இந்தப் பக்கத்து அம்மாக்கள் எத்தனை ஜெர்சி துவைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அதைப் பதக்கத்தில் பொறிப்பதில்லை.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். கால்பந்தில் 1985ஆம் ஆண்டுக் கவுண்டிப் பட்டத்துக்குப் பின் அடுத்தது 2018இல்தான் வந்தது. 33 ஆண்டுகள். ஹர்லிங்கில் 1993க்குப் பின் 2022. 29 ஆண்டுகள். 1993இல் பிறந்த குழந்தை பயிற்சிக்கு வந்து, வளர்ந்து, ஆடி, முழங்கால் போய், ஓய்வுபெற்றுவிடலாம். ஒரு ஹர்லிங் பட்டத்தைக் கூடக் கண்ணால் பார்க்காமல். அந்த 29 ஆண்டுகளிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் யாரோ சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். யாரோ வலை கட்டியிருக்கிறார்கள். கழக லாட்டரிச் சீட்டு விற்றிருக்கிறார்கள், வெளியூர் ஆட்டத்துக்கு நான்கு பிள்ளைகளைப் பின் இருக்கையில் அடைத்து ஓட்டிச் சென்றிருக்கிறார்கள், தோற்றுத் திரும்பும் வழியில் சிப்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பதக்கம் வந்த ஆண்டுகளை எண்ணினால் ஒரு கைப்பிடி. மற்ற ஆண்டுகளில் கழகத்தைத் தாங்கியவர்கள் இவர்கள். 2022 அக்டோபரில் பிளாக்ராக்கை 2-14க்கு 1-7 என்று வென்றபோது மைதானத்தில் அழுதவர்களில் பலர் வாழ்நாளில் மூத்தோர் அணிக்கு ஒரு நாளும் ஆடாதவர்கள். கூட்டிப் பாருங்கள்: 20க்கு 10. சரியாக இரண்டு மடங்கு.

நம்மில் சிலர் கேட்கும் கேள்வியை நான் மறைக்கப் போவதில்லை. "கிரிக்கெட் இருக்க, நமக்கு ஏன் இந்த வெள்ளைக்காரன் ஆட்டம்?" கேள்வி தலைகீழாக இருக்கிறது. கிரிக்கெட்டைத்தான் இவர்கள் வெள்ளைக்காரன் ஆட்டம் என்றார்கள்! ஜி.ஏ.ஏ. பல பத்தாண்டுகள் ஒரு விதியை வைத்திருந்தது: கிரிக்கெட், ரக்பி, ஹாக்கி, சாக்கர் (நாம் அறிந்த கால்பந்து) ஆகியவற்றை ஆடினாலோ பார்க்கப் போனாலோ உறுப்பினர் நீக்கப்படுவார். வேவு பார்க்க ஆள் அனுப்பிய காலமும் உண்டு. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட், பதவியின் கடமையாக ஒரு சாக்கர் ஆட்டத்துக்குப் போனதற்காக 1938இல் சங்கத்தின் புரவலர் நிலையிலிருந்து நீக்கப்பட்டார். ஐரிஷ் மொழிக்கு உயிர் கொடுக்க வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். அவருக்கே இந்தக் கதி.

இந்த விதியை நான் நியாயப்படுத்தவில்லை. அது குறுகிய மனம். ஆனால் எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். விடுதலைப் போரின்போது, 1920 நவம்பர் 21 அன்று, ஜி.ஏ.ஏ.வின் தலைமை மைதானமான டப்ளின் க்ரோக் பார்க்கில் கேலிக் கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படை சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். களத்தில் ஆடிக்கொண்டிருந்த டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர். மூன்று வாரத்துக்குள் நம் கார்க் நகரத்தின் நடுப்பகுதியே கொளுத்தப்பட்டது. அந்தத் தலைமுறைக்கு மட்டையும் பந்தும் வெறும் பொழுதுபோக்காக இருக்க வாய்ப்பில்லை. காயம் ஆற நேரம் எடுத்தது. 1971இல் அந்தத் தடையைச் சங்கம் தானே நீக்கிக்கொண்டது. 2007இல் அதே க்ரோக் பார்க்கில் இங்கிலாந்து ரக்பி அணியின் நாட்டுப் பண் ஒலித்தபோது கூட்டம் அமைதியாக நின்று கேட்டது. இன்று உங்கள் மகன் காலையில் ஹர்லிங் ஆடிவிட்டு மாலையில் கிரிக்கெட்டுக்குப் போனால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கம்பைப் பிடிக்கும் பிடியை மட்டும் பார்த்து "நீ கிரிக்கெட் பையனா?" என்று சிரிப்பார்கள்.

மகள்களின் தாய்மார்களுக்கு ஒரு தனிச் செய்தி. கமோகிச் சங்கம் 1904லும் மகளிர் கேலிக் கால்பந்துச் சங்கம் 1974லும் தனித்தனியே தொடங்கியவை, ஆண்களின் ஜி.ஏ.ஏ.வோடு இவற்றை ஒரே அமைப்பாக்க 2027 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். கமோகி ஆட ஸ்கார்ட் என்னும் பாவாடைக் கால்சட்டைதான் அணிய வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. ஆடும் பெண்களே அது வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் 2025 மே மாதம் சிறப்புக் கூட்டத்தில் ஏறத்தாழ எல்லோரும் வாக்களித்து, விரும்பினால் ஷார்ட்ஸ் அணியலாம் என்று மாற்றினார்கள். விதி பிடிக்கவில்லை என்றால் கூட்டத்துக்குப் போய்க் கைதூக்க வேண்டும். இவர்கள் வேலை செய்யும் விதம் அது. நம் பகுதிக் கழகங்களின் ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் குளிர்காலத் தொடக்கத்தில் நடக்கும். சென்ற முறை நான் போனேன். நம் மொழி பேசுகிறவள் நான் ஒருத்திதான். பயிற்சி நேரம் நம் தமிழ் வகுப்போடு மோதுகிறது என்று நீங்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் புலம்புகிறீர்களே, அதை அங்கே எழுந்து சொன்னேன். குறித்துக்கொண்டார்கள். மாறுமா என்று தெரியாது. ஒருத்தி கேட்பதற்கும் பதினைந்து பேர் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

"எங்களுக்கு ஆட்டம் தெரியாதே" என்று ஒதுங்குகிறீர்கள். தண்ணீர்ப் பாட்டில் நிரப்ப ஆட்டம் தெரிய வேண்டாம். வேலிக்கு அப்பால் போன பந்தைப் பொறுக்கி வரத் தெரிய வேண்டாம். பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் பொறுப்பு என்றால் காவல்துறைச் சரிபார்ப்புப் படிவம் நிரப்ப வேண்டும். குடியேற்ற அலுவலகத்துக்கு நாம் நிரப்பிய படிவங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு தொடக்கநிலைப் பயிற்சி வகுப்பு. என் கணவர் முடித்துவிட்டார். அவர் இந்தியாவில் பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியும் எலுமிச்சையும் தவிர வேறு எதையும் பிடித்ததில்லை என்பதை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

இப்போது உடனடித் தேவைக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை மாலை 3 மணிக்குப் பெரியவர்களின் இரண்டாம் நிலை அணிக்கு ஹர்லிங் ஆட்டம் இருக்கிறது. கோல் கம்பங்களுக்கு அருகே நிற்க இரண்டு அம்பயர்கள் குறைகிறார்கள். வேலை எளிது: பந்து கம்பத்துக்கு மேலே போனால் வெள்ளைக் கொடி, கீழே போனால் பச்சைக் கொடி. அம்பயருக்கு முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு கொடுப்பார்கள். மருத்துவமனையில் பதினோரு ஆண்டு வேலை பார்த்தும் எனக்குக் கிடைக்காத கோட்டு. ஒரு கம்பத்துக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். எதிர்க் கம்பம் இன்னும் காலியாக இருக்கிறது. குடை கொண்டுவர வேண்டாம், கொடி பிடிக்கக் கை வேண்டும்.

அன்புடன்,
எட்டாவது காரில் இருந்தவள்
டோஹர், கார்க்